ஸ்மோக்கருக்கு எவ்வளவு பெரிய அடுப்புப் பெட்டி? மலையில் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"டிரம் வாங்கியாச்சுங்க. பெட்டியை எவ்வளவு பெருசாப் போடறதுன்னுதான் தெரியல." கறியைப் புகையிலும் சீரான சூட்டிலும் மெதுவாக வேக வைக்கும் ஸ்மோக்கர் செய்யக் கிளம்பிய மூன்று பேர், இந்த மழை ஆரம்பித்ததிலிருந்து, என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குக் குன்னூரில் சரிவில் வீடு, ரோட்டிலிருந்து வாசலுக்கு எழுபது படி இறங்க வேண்டும். இன்னொருவர் கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறார். மூன்றாவது ஆள் என் சித்தி மகன், பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம். மூவரிடமும் இருப்பது ஒரே மாதிரி 200 லிட்டர் டிரம். மூவருக்கும் நான் சொன்ன அளவு வேறு வேறு. ஏன் என்று ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் விளக்குவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் இருப்பது கோத்தகிரி. இதுவரை மூன்று ஸ்மோக்கர் செய்திருக்கிறேன், அதில் இரண்டு தப்பு. எனவே கீழே வருவதில் பாதி கணக்கு, மீதி பட்டபாடு.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிரம்மைப் படுக்க வைத்து, அதன் ஒரு தலைப்பில் சற்றுத் தாழ்வாக ஒரு இரும்புப் பெட்டி. தீ எரிவது பெட்டியில். சூடும் புகையும் டிரம்முக்குள் நுழைந்து, கறியைத் தடவிக்கொண்டு மறுமுனையில் உள்ள புகைக்குழாய் வழியாக வெளியேறும். டிரம்முக்குள் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை எட்டு, பத்து மணி நேரம் ஒரே சீராக நிற்க வேண்டும். அந்தப் பெட்டியை ஆங்கிலத்தில் ஃபயர் பாக்ஸ் என்பார்கள். அதைத் தமிழாக்கித் தீப்பெட்டி என்றால் சிவகாசிதான் ஞாபகத்துக்கு வரும் என்பதால், எங்கள் பட்டறைக்காரர் சொல்வதுபோல அடுப்புப் பெட்டி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்மோக்கர் செய்பவர்கள் எல்லாரும் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு: கறி வேகும் அறையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கு. 200 லிட்டர் டிரம் என்றால் 67 லிட்டர் பெட்டி. மோசமான கணக்கில்லை. ஆனால் அது சமவெளிக் காற்றையும், நன்றாகக் காய்ந்த விறகையும், தடித்த இரும்பில் செய்த அறையையும் மனதில் வைத்துப் போட்டது. நம் டிரம்மோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தகடு. காற்றும் விறகும் எப்படி என்று நமக்கே தெரியும்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

விறகின் நீளம். நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். லிட்டர் கணக்கெல்லாம் அப்புறம். எங்கள் ஊர் விறகுக் கடையில் சீகைக் கட்டையை (வாட்டில் மரம்) ஒன்றரை அடிக்கு அறுத்துப் போடுகிறார்கள், அதாவது 45 செ.மீ. 67 லிட்டர் என்று கால்குலேட்டரில் வந்ததும் எல்லாரும் 40 செ.மீ. கனசதுரம் அடித்துவிடுகிறார்கள். கட்டை உள்ளே போகாது. கதவு மூடாது. ஒவ்வொரு கட்டையையும் மறுபடி அறுக்க வேண்டும். ஒரு நாள் சமையலுக்கு 15, 20 கட்டை என்று வைத்துக்கொண்டால் அதுவே அரை நாள் வேலை. அதே கொள்ளளவை 50 செ.மீ. நீளம், 38 அகலம், 36 உயரம் என்று நீட்டிப் போட்டால் 68 லிட்டர் வரும், கட்டையும் முழுசாகப் படுக்கும். இரும்புச் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது.

காற்று. ஊட்டியில் பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே மெல்லிய காற்றைத்தான் நம் பெட்டியும் மூச்சிழுக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு கம்மி. கோத்தகிரி 1,800 மீட்டர் வாக்கில் இருப்பதால் எங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு கம்மி. இதைச் சரிக்கட்ட பெட்டியைப் பெரிதாக்கிப் பிரயோசனம் இல்லை. காற்றுத் துளையைத்தான் பெரிதாக்க வேண்டும். 200 லிட்டர் டிரம்முக்குச் சமவெளிக் கணக்கில் சுமார் 80 சதுர செ.மீ. துளை போதும். இங்கே 100 சதுர செ.மீ. வேண்டும். 8 செ.மீ. விட்டத்தில் இரண்டு துளை வெட்டினால் கணக்கு சரியாக வந்துவிடும். புகைக்குழாயும் அப்படித்தான்: 10 செ.மீ. குழாய் கீழே 55, 60 செ.மீ. உயரம் போதும் என்றால் இங்கே 75 வைத்துவிடுங்கள்.

பெட்டி சின்னது, துளை பெரியது என்றால்கூட ஓட்டிவிடலாம். பெட்டி பெரியது, துளை சின்னது என்றால் கறி கெட்டதுபோலத்தான்.

ஈரம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் அடைமழை. எந்த மழையானாலும் நடுவில் மேகம் தரையோடு வந்து உட்கார்ந்துவிட்டால், தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்து கிடந்த விறகுகூட மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும். ஈரக்கட்டையைத் தணலில் போட்டால், அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். தீச்சுடர் அணைந்து கட்டை புகைந்துகொண்டே கிடக்கும். அப்போது வருவது கெட்டியான வெள்ளைப் புகை. அதில்தான் தார் இருக்கிறது, நாக்கில் கசப்பாக ஒட்டும். நமக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகை. அது சுடர் விட்டு எரியும் தீயிலிருந்துதான் வரும்.

இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டங்கென்று சத்தம் வந்தால் காய்ந்தது. சொத்தென்றால் இன்னும் ஆறு மாதம் பரணில் கிடக்கட்டும்.

ராத்திரி எத்தனை முறை வெளியே போக வேண்டும். சமவெளிக்காரர்கள் இதைச் சோம்பேறிகளின் கேள்வி என்று நினைப்பார்கள். கோத்தகிரியில் கறி வாசனைக்கும் எண்ணெய் வாசனைக்கும் கரடி வரும். கொடைக்கானலில் காட்டுமாடு தெருவிலேயே நிற்கும். பன்றித் தொடை ஒன்று வேகப் பத்து மணி நேரம் என்றால், மதியச் சாப்பாட்டுக்கு விடியற்காலை இரண்டு மணிக்குத் தீ மூட்ட வேண்டும். அந்த இருட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதும், ஒரு மணிக்கு ஒருமுறை போவதும் ஒன்றல்ல.

எடை. இரும்புக் கடையில் எடைக்குத்தான் காசு. அப்புறம் அதைத் தூக்க வேண்டும். எழுபது படியை மறக்க வேண்டாம்.

## மூன்று அளவுகள், பக்கத்தில் பக்கத்தில்

| | சின்னது (ஐந்தில் ஒன்று) | நடுத்தரம் (மூன்றில் ஒன்று) | பெரியது (பாதி) |
|---|---|---|---|
| கொள்ளளவு | 40 லிட்டர் | 68 லிட்டர் | 100 லிட்டர் |
| நீளம் × அகலம் × உயரம், செ.மீ. | 40 × 32 × 31 | 50 × 38 × 36 | 55 × 43 × 42 |
| 5 மி.மீ. தகட்டில் எடை | 28 கிலோ | 40 கிலோ | 51 கிலோ |
| போடக்கூடிய கட்டை | ஒரு அடி | ஒன்றரை அடி | ஒன்றரை அடி, தடித்தது |
| விறகு போடும் இடைவெளி (என் அனுபவத்தில்) | 20–25 நிமிடம் | 45–60 நிமிடம் | ஒரு மணிக்கு மேல் |
| ஈர விறகு | தாங்காது | ஓரளவு | காற்று இருந்தால் தாங்கும் |

எடையில் கால், கீல், தாழ்ப்பாள் சேரவில்லை. உயரத்தில் 8 செ.மீ. கம்பித் தட்டுக்குக் கீழே சாம்பலுக்குப் போய்விடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் சாம்பல் ஏறிக் காற்றை அடைத்துவிடும். 31 செ.மீ. உயரப் பெட்டியில் தீக்கு மிஞ்சுவது 23 செ.மீ. தான்.

## சின்னப் பெட்டி: 40 லிட்டர்

என் முதல் ஸ்மோக்கர் இப்படித்தான். கையில் காசு குறைவு, பட்டறையில் மிச்சம் கிடந்த தகடு, "சின்னதா இருந்தாச் சீக்கிரம் சூடாகும்" என்ற ஞானம் வேறு. சீக்கிரம் சூடானது உண்மை. பதினைந்து நிமிடத்தில் டிரம் 120 தொட்டது. அடுத்த பதினைந்து நிமிடத்தில் 90-க்கு இறங்கியது.

சின்னப் பெட்டியில் தணல் படுக்கை கனமாக உட்காராது. தணல் குறைவாக இருந்தால் புதுக் கட்டை உடனே பிடிக்காது. உடனே பிடிக்கட்டும் என்று கட்டையைச் சன்னமாகப் பிளந்தால் அது பத்து நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை. இரண்டாவது முறை ராத்திரியில் பன்றிக்கறி வைத்தபோது மூன்று மணிவாக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் கேட்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்ப வந்தேன். தீ எப்போதோ செத்திருந்தது, கறியின் உள்ளே 45 டிகிரி. பச்சைக்கும் வெந்ததற்கும் நடுவில் அந்தச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்த கறியைச் சாப்பிடக்கூடாது, கிருமி பெருகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்று கிலோவையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

அப்படியானால் சின்னப் பெட்டியே வேண்டாமா? பண்ணைக்காட்டுத் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். அவனுக்குக் கிடைப்பது காப்பிக் கவாத்துக் கட்டை. கைப் பருமன்தான், வெட்டினால் இயல்பாகவே ஒரு அடி, வைரம் பாய்ந்த மரம், நின்று எரியும். கீழ்மலையில் குளிரும் ஊட்டிக் குளிர் இல்லை. அவன் சமைப்பதோ ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோழி, ஒரு விலா. மூன்று, நான்கு மணி நேர வேலை, பகலிலேயே முடிந்துவிடும். கோழியைப் பொறுத்தவரை உள்வெப்பம் 74 டிகிரி தொட்டால் போதும்.

இன்னொருவருக்கும் இது சரி வரும்: விறகைத் தொடாமல் அடிக்குக் கரியும், வாசனைக்கு மட்டும் இரண்டு துண்டுக் கட்டையும் போடுகிறவருக்கு. கரித்தணல் கனமாக நிற்பதால் இடைவெளி 40 நிமிடம் வரை நீளும். ஆனால் கரியின் விலை மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் மிச்சம் பிடித்த காசு ஒரு வருஷத்தில் கரி மூட்டையாகப் போய்விடும்.

இன்னொரு மறைவான செலவு தகடு. சின்னப் பெட்டியில் தீ சுவரோடு ஒட்டி எரியும். என் பெட்டி 2 மி.மீ. தகடு. இரண்டே மழைக்காலத்தில் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி, மூலையில் வெல்டிங் விட்டுப்போய், விரிசல் வழியே தீ தெரிந்தது.

## பெரிய பெட்டி: 100 லிட்டர்

முதல் முறை சூடு கண்டவன் இரண்டாவது முறை என்ன செய்வான்? பாதிக்குப் பாதி என்று வரைந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க தம்பி, இதுக்குள்ள விறகு வைக்கப் போறீங்களா, ஆள உக்கார வைக்கப் போறீங்களா?" என்றார்.

பெரிய பெட்டிக்காகச் சொல்லப்படும் வாதம் நியாயமானது: பெரிய பெட்டியில் சின்னத் தீ வைக்கலாம், சின்னப் பெட்டியில் பெரிய தீ வைக்க முடியாது. இந்த வாதத்தை நம்பித்தான் நானும் இறங்கினேன். அதில் சொல்லாமல் விட்டது என்னவென்றால், பெட்டியின் சுவரும் சூட்டைத் தின்னும். 40 லிட்டர் பெட்டியின் மொத்தத் தகடு 0.7 சதுர மீட்டர். 100 லிட்டர் பெட்டிக்கு 1.3 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இரும்பு, எட்டு டிகிரிக் குளிரில், பக்கவாட்டில் அடிக்கும் சாரலில் நின்றுகொண்டு சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. சின்னத் தீயால் அதை ஈடுகட்ட முடியாது. சுவர் சில்லென்று இருந்தால் தீயும் சுணங்கும். சரி என்று பெரிய தீயாகப் போட்டால் டிரம் 180-க்கு ஏறும். ஏறியதைக் குறைக்கக் காற்றுத் துளையை மூடுவோம். அங்கேதான் நான் விழுந்தேன்.

துளையை முக்கால்வாசி மூடியதும் டிரம் 125-க்கு இறங்கி அழகாக நின்றது. நான் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விட்டேன். பெட்டிக்குள் இரண்டு பெரிய சீகைக் கட்டை மூச்சுமுட்டிப் புகைந்துகொண்டிருந்தது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக, கம்பளி மாதிரி. ஏழு மணி நேரம் கழித்து வெளியே எடுத்த கறி கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. பார்க்கப் பிரமாதம். என் மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரோடு போடறவங்க சாப்பிடுவாங்களா இருக்கும்" என்றார்.

செங்கல் அடுக்கிச் சுருக்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எல்லாரும் சொல்வார்கள். ஃபயர் பிரிக் (தீ தாங்கும் செங்கல்) ஒன்று 23 × 11.4 × 7.6 செ.மீ., அதாவது இரண்டு லிட்டர் இடம், எடை கிட்டத்தட்ட 4 கிலோ. 100 லிட்டரை 70 ஆக்க 15 கல் வேண்டும். 60 கிலோ! பெட்டியைவிடக் கல்லின் எடை அதிகம். பெட்டியின் காலும் அந்த எடைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அத்தனை கல்லும் சூடேறும் வரை, முதல் ஒரு மணி நேரமும் ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த விறகும் கறிக்கு உதவாமல் போகும். ஒருமுறை சூடேறிவிட்டால் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது வாஸ்தவம்தான். பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து எரிப்பவருக்கு லாபம். நான்கு மணி நேரத்தில் முடிப்பவருக்கு நஷ்டம்.

வில்பட்டி ஹோம்ஸ்டேக்காரருக்குப் பெரியதுதான் என்று சொன்னேன். சீசனில் சனிக்கிழமை தவறாமல் முப்பது பேருக்குச் சமைக்கிறார், டிரம் நிறையக் கறி. டிரம் நிறைந்திருந்தால் குளிர்ந்த கறியே நிறையச் சூட்டை இழுக்கும், பெரிய தீ மூச்சடைக்காமல் எரியலாம். பக்கத்தில் ஆள் இருக்கிறார். அவர் தோட்டத்திலேயே பழைய பேரி, பிளம்ஸ் மரங்களைக் கவாத்து செய்த கட்டை அடுக்கி வைத்திருக்கிறார். பழமரக் கட்டை புகைக்கு முதல் தரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை உறைபனியில் தீ மூட்டுகிறவருக்கு அந்தக் கூடுதல் தணல் தேவைப்படும். இவர் மாதிரி வாரா வாரம் டிரம்மை நிரப்புகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

## நடுத்தரப் பெட்டி: 68 லிட்டர்

இப்போது என் வீட்டில் இருப்பது. இதைப் பற்றிச் சொல்லப் பெரிய கதை இல்லை, அதுவே நல்ல விஷயம். நாற்பது நிமிடத்தில் சூடேறும். 45 நிமிடத்துக்கு ஒரு கட்டை, ஒன்று ஒன்றேகால் கிலோ. மணிக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் கிலோ விறகு. காற்றுத் துளை இரண்டில் ஒன்று எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும், மற்றதைத்தான் திருகுவேன்.

இதன் மேல்பக்கம் தட்டையாக இருப்பது தற்செயலாகக் கிடைத்த வரம். அடுத்துப் போட வேண்டிய இரண்டு கட்டையை அங்கே படுக்க வைத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் ஈரம் ஆவியாகி, தொட்டால் கை சுடும். அப்படிக் காய்ந்த கட்டை உள்ளே போன நொடியில் சுடர் விடும், வெள்ளைப் புகை ஒரு நிமிடத்துக்கு மேல் வராது. பாட்டி காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் விறகு அடுக்கிய அதே சூட்சுமம். பெட்டிக்குப் பதிலாகச் சின்ன உருளை டிரம்மை அடுப்பாக வைப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, கட்டை உருண்டு விழும். ஆனால் மறந்துவிட்டுத் தூங்கினால் மேலேயே தீப்பிடித்துக்கொள்ளும், அதுவும் ஒருமுறை நடந்தது.

குறை? ஊட்டி உயரத்தில் பனிக்காலத்தில் டிரம் நிறையக் கறி வைத்தால் இது திணறும். டிரம்மின் மேல் பழைய கம்பளியும் அதற்கு மேல் தகர ஷீட்டும் போட்டுச் சமாளிக்கிறேன், பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி. அப்புறம் 40 கிலோ என்பது ஒரு ஆள் தூக்கும் எடை இல்லை.

மாதத்தில் இரண்டு முறை, ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு, கடையில் வாங்கிய சீகை விறகில் சமைக்கிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டாம், இதுதான்.

## பெட்டியே இல்லாமல்?

இதையும் கேட்கிறார்கள். டிரம்மை நிமிர்த்தி வைத்து, அடியில் 30, 35 செ.மீ. கரிக்கூடை, மேலே கறி. வெல்டிங் செலவு ஏறக்குறைய இல்லை, ஒருமுறை நிரப்பினால் ராத்திரி முழுக்கத் தூங்கலாம், காற்றும் மழையும் தீயைத் தொடாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் மொட்டை மாடிக்காரர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். விறகுத் தீயின் ருசி வராது, கொழுப்பு தணலில் சொட்டி வரும் ருசி வரும். இது வேறு சமையல், அவ்வளவுதான்.

## எந்த அளவானாலும்

தகடு 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 5 நல்லது. துத்தநாகம் பூசிய தகடு, குழாய் எதுவும் தீக்குப் பக்கத்தில் கூடாது, சூடானால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது, வெல்டிங் அடிக்கும்போதே காய்ச்சல் வரும். டிரம் சமையல் எண்ணெய் வந்ததாக இருக்கட்டும். உள்ளே பெயின்ட் பூச்சு இருந்தால் கறி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை வெறும் டிரம்மில் பெருந்தீ போட்டு எரித்துச் சுரண்டி எடுங்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை வெட்டிப் பெட்டி செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: 14.2 கிலோ சிலிண்டர் வெறும் 33 லிட்டர்தான், சின்னப் பெட்டிக்கும் சின்னது. அது உங்களுடையதும் அல்ல, எண்ணெய் நிறுவனத்துடையது. உள்ளே மிச்சமிருக்கும் வாயுவோடு இரும்பு வெட்டும் கிரைண்டரை வைத்து விளையாட வேண்டாம்.

விறகில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேண்டாம், கறியில் தைல வாடை ஏறும். பைன், சைப்ரஸ் பிசின் மரங்கள், அவையும் வேண்டாம். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து தீரும், தீ மூட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று அரிவாளை எடுத்துவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். கவாத்துக் கட்டையும் விறகுக் கடையும் நமக்குப் போதும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது புகைக்குழாய் வாயில் கம்பி வலை ஒன்று கட்டிவிடுங்கள், பொறி பறக்காது.

## ஏற்கனவே பெட்டி செய்துவிட்டவர்களுக்கு

சின்னதாகச் செய்துவிட்டீர்களா? பெட்டியின் கதவுப் பக்கத்தை வெட்டி 10 செ.மீ. நீட்டிவிடலாம், 5 மி.மீ. தகட்டில் ஐந்து கிலோ வேலை. அதோடு 40 லிட்டர் 50 ஆகும், ஒன்றரை அடிக் கட்டையும் நுழையும். பெரியதாகச் செய்தவர்கள் கல்லெல்லாம் அடுக்க வேண்டாம். டிரம் பக்கம் ஒரு கம்பித் தட்டைச் சின்னதாகப் போட்டு, மீதி இடத்தைத் தகடு வைத்து மறைத்து, தீயை அந்தத் தட்டின் மேல் மட்டும் வையுங்கள். துளையை மூடிச் சூட்டைக் குறைக்காமல், கட்டையின் அளவைக் குறைத்துச் சூட்டைக் குறையுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே என் இரண்டாவது ஸ்மோக்கர் பாதி திருந்தியது. இப்போது அது ஒரு நண்பர் வீட்டில் நன்றாகவே ஓடுகிறது.

குன்னூர்க்காரருக்கு 68 லிட்டர்தான் சொன்னேன், ஆனால் பெட்டியை டிரம்மோடு வெல்டிங் அடிக்காமல் ஆறு போல்ட்டில் மாட்டும்படி. போன ஞாயிறு மூன்று பேர் சேர்ந்து பெட்டியைத் தனியாகவும் டிரம்மைத் தனியாகவும் எழுபது படி இறக்கினோம். கீழே வைத்து மாட்டிப் பார்த்தால், பட்டறையில் காற்றுத் துளை ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள். மழை விட்டதும் கிரைண்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.